கை தூக்காத பிள்ளைகள்

ஜூலை 20, திங்கள்

பெரிய டீச்சர் கூப்பிட்டு விட்டார். போனால் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்கிறார். அந்த அம்மா உட்காரச் சொன்னாலே தலையில் ஏதோ வேலை விழப்போகிறது என்று அர்த்தம். விழுந்தது. சுகாதார நிலையத்திலிருந்து நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வருகிறார்களாம். நான் பொறுப்பாசிரியையாம்.

"நீங்கதான் பயாலஜி, சங்கரவடிவு. உங்களுக்குத்தான் அதப் பத்திப் பேச வரும்" என்றார்.

அது என்றால் எது என்று கேட்டேன். கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "அதான்... கீழ" என்றார். இத்தனை வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சர்வீஸ். கர்ப்பப்பை என்று சொல்ல அம்மாவுக்கு நாக்கு எழும்பவில்லை.

விஷயம் இவ்வளவுதான். கர்ப்பப்பை வாயில் வருகிற புற்றுநோய்க்கு ஒரு வைரஸ் காரணம். அது உடலுறவு வழியாகப் பரவுகிறது. அந்த வைரஸ் அண்டுவதற்கு முன்பே, பெண்ணுக்குப் பதினைந்து ஆவதற்குள் ஊசி போட்டுவிட்டால் நல்லது. சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. பெரிய டீச்சர் பிரேயரில் மைக்கைப் பிடித்துப் பிடித்துப் பேசி, "பெண்குலத்துக்கு நன்மை தரும் ஒரு நல்ல ஊசி" என்று முடித்தார். ஆறாம் வகுப்பு அதைச் சத்து ஊசி என்று நினைத்துக்கொண்டு கை தட்டியது.

சாயங்காலம் மெடிக்கலில் நாப்கின் இரண்டு பாக்கெட் வாங்கினேன். கடைக்காரர் சம்சாரம், "ரெண்டா டீச்சர்? வீட்ல நீங்க ஒரு ஆளுதான?" என்று கேட்கிறாள். இந்த ஊரில் ஒருத்திக்கும் வேறு சோலி கிடையாது. அடுத்த மாதத்திலிருந்து சாத்தூரில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூலை 26, ஞாயிறு

தம்பி மஸ்கட்டிலிருந்து பேசினான். லீவு இன்னும் கிடைக்கவில்லையாம். மாசியிலிருந்து இதே பாட்டு. தாய்மாமன் வந்து நிற்காமல் என் மகள் நித்திலாவுக்கு எந்த விசேஷத்தை எப்படி நடத்துவது? "ஆடி கழியட்டும்க்கா, எப்பிடியும் வந்துருதேன்" என்றான். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "மெல்லப் பேசு, மாடி வீட்டுக்குக் கேக்கும்" என்று என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நித்திலா புத்தகத்தைப் படக்கென்று மூடிவிட்டு எழுந்து போனாள். ஒன்பதாம் வகுப்புக்குப் போனதிலிருந்து எதற்கெடுத்தாலும் ஒரு படக்.

ஜூலை 31, வெள்ளி

பெற்றோர் கூட்டம். ஆடி வெள்ளி என்று பாதிப் பேர் கூழ் குடித்துவிட்டு வந்து ஃபேனுக்கு அடியில் தூங்கினார்கள். விழித்திருந்த மீதிப் பாதி என் உயிரை எடுத்தது.

செல்போன் கடை வைத்திருக்கும் சுந்தரபாண்டி எழுந்து நின்று, சட்டை காலரை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்கிறார்: "எம்மக ஒழுக்கமான பிள்ள டீச்சர். இந்த மாதிரி ஊசியெல்லாம் அவளுக்கு எதுக்கு?"

"உங்க மக ஒழுக்கமான பிள்ளைதான். யார் இல்லன்னா? நாளைக்குக் கட்டிக்கப் போறவனுக்கும் சேத்து இப்பவே நீங்க ஜாமீன் குடுப்பீகளா?" என்றேன்.

பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மனுஷன் உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அடுத்து முப்பிடாதி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவள். பெரியவள் சுபிக்ஷா ஒன்பதாவது, சின்னவள் ஏழாவது. "டீச்சர், ஆகாத பிள்ளைக்குப் போடலாமா? போட்டு ஏடாகூடமா எதாச்சும் ஆகிப்போச்சுன்னா? எம்மவ வயசுக்கே வராமப் போயிட்டான்னா?" என்றாள். மாதவிடாய்க்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை, வயதுதான் கணக்கு என்று போர்டில் படம் போட்டு விளக்கினேன். எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு, "இருந்தாலும் ஆகாத பிள்ளைக்கு வேண்டாம் டீச்சர்" என்றார்கள். சுவரிடம் பேசியிருந்தால் சுண்ணாம்பாவது உதிர்ந்திருக்கும்.

பெரிய டீச்சர் உடனே எழுந்து, "பெற்றோர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆகஸ்ட் 7, வெள்ளி

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது. பி.டி. டீச்சர் ஜெபக்கனி ஒன்பதாம் வகுப்புக்குள் போய், "ஆனவங்கெல்லாம் கை தூக்குங்கட்டி!" என்று விசிலை ஊதிக் கணக்கெடுத்திருக்கிறாள். கோ-கோ ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கிறாள் போலிருக்கிறது. கை தூக்கியவர்களுக்கு மட்டும் சம்மதப் படிவம். தூக்காதவர்களுக்கு ஊசி கிடையாதாம்.

நேராகப் பெரிய டீச்சர் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அறிவியல் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா, இப்படிப் பிரித்தால் எத்தனை பிள்ளைகள் விட்டுப்போகும், அதில் பாதி அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும் என்று கத்தினேன். ஜெபக்கனி வாசலில் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

பெரிய டீச்சர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். "சரி. உங்க மக நித்திலா கை தூக்கலையாமே. இன்னும் ஆகலையா?"

"இல்லை" என்றேன்.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. முதல் ஊசிய அவளுக்குப் போடுங்க. எல்லா அம்மாமாரையும் கூப்ட்டு வச்சுப் போடுவோம். டீச்சர் மகளுக்கே, அதுவும் ஆகாத பிள்ளைக்கே போட்டாச்சுன்னா, பிறகு எவ மாட்டேன்னு சொல்லுவா?"

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். சரி என்றேன். எப்படியும் நித்திலாவுக்குப் போட வேண்டிய ஊசிதானே. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? கை தூக்காத மற்றப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். எல்லாம் நல்லதுக்குத்தான்.

வீட்டில் நித்திலாவிடம் சொன்னேன். தட்டில் சோற்றை அளைந்துகொண்டே, "நான் ஆகாத பிள்ளையாம்மா?" என்று கேட்டாள். சாப்பிடும்போது என்ன பேச்சு என்று அதட்டினேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

நித்திலாவுக்கு வயிற்று வலி. கோயிலுக்கு வரவில்லை. மாடி வீட்டம்மாவிடம் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 20, வியாழன்

முகாம் நடந்தது. ஜோராக நடந்தது என்றே எழுதலாம்.

நர்ஸ் தங்கபுஷ்பம் குளிர்ப்பெட்டியோடு எட்டரை மணிக்கே வந்துவிட்டாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று வேலை பார்க்கிறவள். இந்தப் பள்ளிக்கூடத்தில் உருப்படியாக வேலை செய்து நான் பார்த்த ஒரே ஆள் அவள்தான், அவளும் வெளியூர்க்காரி. கை தூக்காத பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் ஜன்னலோரம் நின்றார்கள். ஜெபக்கனி, சும்மா இருக்க மாட்டாளே, "பாத்துக்கிடுங்க, டீச்சர் மக! இன்னும் ஆகல! இவளுக்கே போடுறாக!" என்று ஏலம் போட்டாள்.

நித்திலா கையை நீட்டினாள். ஊசி குத்தும்போது கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துக் கவனித்தார்கள். கை வலிக்கிறது என்றதைத் தவிர ஒன்றும் இல்லை. அதன் பிறகு முப்பிடாதி முதல் ஆளாக வந்து சுபிக்ஷாவுக்குக் கையெழுத்துப் போட்டாள். மற்றவர்களும் வரிசையாகப் போட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு முழுக்க முடிந்தது. ஒருத்தி மட்டும் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தாள். விழுந்தவளுக்குத் தண்ணீர் தெளிக்காமல் ஜெபக்கனி விசில் ஊதினாள்.

ஏழும் எட்டும் செப்டம்பர் மூன்றாம் தேதி. தங்கபுஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களாலதான் டீச்சர்" என்றாள். சந்தோஷமாக இருந்தது. எனக்கும் இருக்கக் கூடாதா என்ன?

ஆகஸ்ட் 22, சனி

நேற்றுத் தம்பி ஃபோன். திடுதிப்பென்று லீவு கிடைத்துவிட்டதாம், பன்னிரண்டே நாள். முப்பதாம் தேதி வருகிறான். இவர் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மண்டபம் செப்டம்பர் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கிறது. சடங்கு பதினாறாம் நாள் நடக்க வேண்டும். ஆறாம் தேதி பதினாறாம் நாள் என்றால் முதல் நாள் எது? பின்னாலிருந்து விரல் விட்டு எண்ணி, "அட, இன்னைக்கு!" என்றார்.

ஆக, இன்று. மத்தியானம் மாடி வீட்டம்மாவிடம் சொன்னேன். அவள் வீடே அதிரக் குலவை போட்டாள். தெருப் பெண்கள் வந்தார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். நித்திலாவைப் பின்னறையில் உட்கார வைத்தாயிற்று. தனித் தட்டு, தனி டம்ளர். பதினாறு நாளும் வெளியே வரக் கூடாது, பள்ளிக்கூடம் கிடையாது. நானா கண்டுபிடித்தேன் இதையெல்லாம்? ஊர்ப் பழக்கம். என்னையும் இப்படித்தான் உட்கார வைத்தார்கள், நான் ஒன்றும் தேய்ந்துபோய்விடவில்லை.

ஈரத்தலையோடு நித்திலா கேட்கிறாள்: "மாசியில நெசமா ஆனப்போ ஏம்மா யாரும் குலவ போடல?"

பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. கார்டு அடிக்கக் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 24, திங்கள்

ஸ்டாஃப் ரூமில் லட்டு கொடுத்தேன். ஜெபக்கனி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே, "ஏ அப்பா! ஊசி போட்டு ரெண்டே நாள்ல வேல செஞ்சிருச்சே டீச்சர்!" என்றாள்.

சத்தியமாக அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. வியாழன் ஊசி, சனி சடங்கு. மண்டபம், தம்பி லீவு, சமையல்காரர் என்று அலைந்ததில் வியாழனுக்குப் பக்கத்தில் சனி இருப்பது கண்ணில் படவில்லை. "பேத்தாதீங்க டீச்சர், இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். "பின்ன எப்பிடி?" என்றாள். லட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தேன்.

ஆகஸ்ட் 26, புதன்

ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. இரண்டு விதமாகப் பிடித்திருக்கிறது.

காலையில் ஒருத்தி, நம் பள்ளிக்கூடமே இல்லை, பதினேழு வயதுப் பெண்ணை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். "எம்பிள்ள இன்னும் ஆகல டீச்சர். பாக்காத வைத்தியமில்ல. ஒங்க மகளுக்குப் போட்ட அந்த ஊசிய இவளுக்கும் போட்டு விடுங்க" என்று காலில் விழாத குறை. டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்புவதற்குள் தொண்டை வற்றிப்போனது.

மத்தியானம் ஏழாம் வகுப்பு அம்மாக்கள் கும்பலாக வந்தார்கள். முன்னால் முப்பிடாதி. "பெரியவளுக்குப் போட்டது போட்டாச்சு. சின்னவளுக்குப் பன்னெண்டுதான் ஆகுது. இந்த வயசுல ஆக வச்சு உக்கார வைக்கவா? என் கையெழுத்தத் திருப்பிக் குடுங்க டீச்சர்." எல்லாரும் படிவத்தைத் திருப்பிக் கேட்டார்கள். தடுப்பூசியால் யாரும் வயதுக்கு வர மாட்டார்கள் என்று சொன்னேன். "ஒங்க மக வந்தாள்ல?" என்றாள் ஒருத்தி.

முட்டாள்கள். ஒரு தேதிக்கும் இன்னொரு தேதிக்கும் முடிச்சுப் போட்டுவிட்டால் போதும், இவர்களுக்கு அது விஞ்ஞானம்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

தங்கபுஷ்பம் வீட்டுக்கே வந்துவிட்டாள். காப்பி வேண்டாம் என்றாள். செருப்பைக்கூட முழுசாகக் கழற்றவில்லை.

"டீச்சர், மேல இருந்து கேக்காக. இந்த ஊர்ல மட்டுமில்ல, பக்கத்துல நாலு பள்ளிக்கூடத்துல வேண்டாமுன்னு எழுதிக் குடுத்துட்டாக. ஒங்க மக நெசமா எப்ப ஆனா? ஊசிக்கு ஒரு நாள் முந்தின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும், நான் எல்லாத்துட்டயும் பேசிக்கிடுவேன்."

"சனிக்கிழமைதான்" என்றேன்.

கார்டு அடித்தாயிற்று. அதில் ஆன தேதி போடவில்லை, ஆனால் பதினாறாம் நாள் என்று போட்டிருக்கிறது. சொந்தக்காரர்களுக்குக் கணக்குத் தெரியாதா? மாசியிலிருந்து மறைத்து வைத்தார்கள் என்றால் இவர் வீட்டு ஆட்கள் என்ன பேசுவார்கள்? ஆன பிள்ளையை ஆறு மாதம் தீட்டோடு கோயில் குளம் என்று சுற்ற விட்டாள், இவள் ஒரு டீச்சர் என்று என் முகத்துக்கு நேரே கேட்பார்கள்.

தங்கபுஷ்பம் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். "இந்த நோயில விழுந்த பொம்பளைங்க வீட்டுக்கு நான் போறேன் டீச்சர். வாட பொறுக்காம வீட்டு ஆளுகளே வாசல்ல படுத்துக்கிடுவாக. அவுகளுக்கெல்லாம் இந்த ஊசி கிடைக்கல. இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைச்சும் போட முடியலையே" என்றாள். போய்விட்டாள்.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. நித்திலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 31, திங்கள்

தம்பி வந்துவிட்டான். பட்டு, செயின், அல்வாப் பெட்டி. நித்திலா எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை கிடையாது.

செப்டம்பர் 3, வியாழன்

தங்கபுஷ்பம் வந்து குளிர்ப்பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். நாற்காலிகள் காலி. அம்மாக்கள் மட்டும் கேட்டுக்கு உள்ளே கூட்டமாக நின்றார்கள். ஊசி போட அல்ல, யாராவது திருட்டுத்தனமாகத் தங்கள் பிள்ளைக்குப் போட்டுவிடாமல் காவல் காக்க. சுந்தரபாண்டிகூடக் கடையைப் பூட்டிவிட்டுச் சம்சாரத்தோடு வந்து நின்றார். பெரிய டீச்சர் முகாம் ரத்து என்று போர்டில் எழுதச் சாக்பீஸ் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது நித்திலா வந்தாள். யூனிஃபார்மில், இரட்டைச் சடையோடு, நடுத்தெருவில் நடந்து. பின்னால் என் தம்பி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறான். "ஏ நித்தி! வெளிய வரப்பிடாது தாயி! நில்லு!" உட்கார வைத்த பிள்ளை தெருவில் இறங்கி நடந்ததைப் பார்த்துப் பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள்.

அவள் நேராக வராந்தாப் படியில் ஏறி நின்றாள். குரல் நன்றாகக் கேட்டது.

"நான் ஊசி போட்டு ஆகல. மாசி மாசமே ஆயிட்டேன். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது. மாமாவுக்கு லீவு கிடைக்கிற வரைக்கும் வெளிய சொல்லக்கூடாதுன்னு வீட்ல சொன்னாங்க. அதான் அன்னைக்குக் கை தூக்கல. எனக்கு ஊசி ஒண்ணும் செய்யல. கை மட்டும் ஒரு நாள் வலிச்சுது."

பெரிய டீச்சர்தான் முதலில் சுதாரித்தார். "பிள்ளைக்கு வெயில்ல மயக்கம் போல. சங்கரவடிவு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். நல்ல வழிதான். தம்பி கேட்டுக்கு வெளியே நின்று, ஒத்துக்கொள்ளாதே என்று தலையை ஆட்டினான். ஆமாம், பிள்ளைக்கு மயக்கம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

முப்பிடாதி என் முன்னால் வந்து நின்றாள். "நெசமா டீச்சர்? பிள்ள சொல்லுதது?"

நித்திலா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இல்லை என்றால் இத்தனை பேர் முன்னால் அவள் பொய்க்காரி. கனைத்துக்கொண்டேன்.

"ஆமா. மாசி மாசம். நான்தான் மறைச்சேன்" என்றேன்.

காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். முப்பிடாதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அட என்ன டீச்சர் நீங்க! எம் பெரியவ சுபிக்ஷா ஆயி நாலு மாசமாச்சு. அவ மாமன் திருப்பூர்ல கெடக்கான். தீவாளி போனஸ் வாங்காம வர மாட்டேங்கான்."

"அப்ப மீட்டிங்ல ஆகாத பிள்ளைக்குப் போடலாமான்னு கேட்டீகளே?" என்றேன்.

"பின்ன எப்பிடிக் கேக்க? ஆயிருச்சுன்னு சபையில சொல்ல முடியுமா? ஆன பிள்ளைக்கு ஆகாத பிள்ளைன்னு சொல்லிப் போட்டா ஊசி எசகுபெசகா ஆயிருமோன்னு எனக்கு ஒறக்கமே இல்ல."

சுந்தரபாண்டி தரையைப் பார்த்தார். அவர் சம்சாரம் அவரை ஒரு இடி இடித்துவிட்டு, "எங்க வீட்லயுந்தான். வைகாசியில" என்றாள். பின்னால் நின்ற ஒருத்தி, "நாங்க வீடு கட்டி முடிச்சிட்டுச் சொல்லலாமுன்னு" என்றாள். இன்னொருத்தி ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள். கை தூக்காத பிள்ளைகளில் பாதி இப்படித்தான் என்று தெரிந்தது. ஜெபக்கனி, "அப்ப நான் எடுத்த கணக்கு?" என்று ஒவ்வொருத்தியிடமும் போய்க் கேட்டாள். யாரும் மதிக்கவில்லை.

முப்பிடாதி சின்னவளைத் தேடிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "போடுங்க நர்சம்மா. இவ நெசமாவே ஆகல, சத்தியமா." அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. தங்கபுஷ்பம் பெட்டியைத் திறந்தாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் வரிசை இருந்தது.

முடிந்து போகும்போது முப்பிடாதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தீக்குச்சி மருந்து ஏறிய சொரசொரப்பான கை. "நீங்களும் நம்ம ஆளுதான் டீச்சர்" என்றாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. நானும் இவளும் ஒன்றா? பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஞாயித்துக்கெழம மண்டபத்துக்கு வந்துருங்க. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்றேன். அவர்களில் ஒருத்திக்கும் நான் கார்டு கொடுத்திருக்கவில்லை.

நித்திலா வராந்தாவில் பயந்து அழுத ஏழாம் வகுப்புப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "கை மட்டும்தான் வலிக்கும், ஒரு நாள்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன். "அம்மா, பசிக்குது" என்றாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அழுகை வந்துவிட்டது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆசை தீர அழுதேன். வெளியே வந்தால் வாசலில் ஜெபக்கனி நிற்கிறாள். "கண்ணுல சோப்பு பட்டுருச்சு" என்றேன்.